மடிப்புக்குள் நான்கு வெற்றுப் பக்கங்கள்

மாயா நிலத்துக் கல்லறைகளைத் தோண்டுகிறவர்களுக்குச் சில சமயம் ஒரு வெள்ளைக் கட்டி அகப்படும். குவாத்தமாலாவில் வாஷக்தூன், பெலீஸில் ஆல்துன் ஹா, ஹோண்டுராஸில் கோப்பான் என்று பல இடங்களில் அகப்பட்டிருக்கிறது. சுண்ணாம்புப் பொருக்குகள் அடுக்கடுக்காக ஒட்டி இறுகிய கட்டி. அது ஒரு புத்தகம். தாள் மரப்பட்டையால் ஆனது. அந்தக் காட்டு ஈரத்தில் எப்போதோ மக்கிவிட்டது. தாளின் மேல் பூசிய சுண்ணாம்பும் அதன் மேல் தீட்டிய நிறமும்தான் மிச்சம். பிரிக்கப்போனால் பொடியாகும். பிரிக்காமல் விட்டால் எழுதியது எழுதியபடி உள்ளேயே கிடக்கும்.

தாள் இருந்து மை மங்கிப்போவதுதான் நமக்குப் பழக்கம். இங்கே தாள் போய்விட்டது, மை நிற்கிறது.

*

பிரித்துப் பார்க்கக்கூடியவையாக எஞ்சிய மாயா ஏடுகள் நான்கே. ட்ரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் என்று அவை போய்ச்சேர்ந்த ஊர்களின் பெயரிலேயே மூன்று அழைக்கப்படுகின்றன. நான்காவது மெக்சிகோவில் இருக்கிறது. மற்றவை என்ன ஆயின என்பதற்கு ஒரு பாதி விடை 1562இல் இருக்கிறது. அந்த ஜூலை மாதம் யுகதானின் மனி என்ற ஊரில் தியேகோ டி லாண்டா என்ற பிரான்சிஸ்கன் பாதிரியார் ஏடுகளைக் குவித்துக் கொளுத்தினார். அதே லாண்டா பிற்பாடு மாயாக்களின் வழக்கங்களைப் பற்றி எழுதி, அவர்களுடைய எழுத்துகள் சிலவற்றையும் குறித்துவைத்தார். 1952இல் யூரி க்னோரொசோவ் என்ற சோவியத் ஆய்வாளர் மாயா எழுத்தின் ஒலிகளைப் பிடிக்க அந்தக் குறிப்புதான் வழிவிட்டது. எரித்த கைதான் சாவியையும் கொடுத்தது. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ட்ரெஸ்டன் ஏட்டுக்குப் போகிறேன்.

*

39 தாள், இரண்டு புறமும் சேர்த்து 78 பக்கம். முழுக்க விரித்தால் 3.56 மீட்டர். ஒரு பக்கம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரம், 9 சென்டிமீட்டர் அகலம். ஒடுக்கமான, நெட்டையான பக்கம். அத்தி வகை மரத்தின் உள்பட்டையை உரித்து, வேகவைத்து, கல்லால் தட்டித் தட்டி ஒன்றாக்கிய தாள். மெக்சிகோவின் புவெப்லா மாநிலத்தில் சான் பப்லீத்தோ என்ற ஊரில் ஒத்தோமி மக்கள் இன்றும் அப்படித்தான் பட்டைத்தாள் செய்கிறார்கள். அந்தத் தாளின் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. காய்ந்தபின் சிவப்பு, கறுப்பு, ஆங்காங்கே நீலமும் மஞ்சளும். தையல் கிடையாது, முதுகு கிடையாது. விசிறி மடிப்பு.

காலம் 13 அல்லது 14ஆம் நூற்றாண்டாக இருக்கலாம் என்பது இப்போதைய பொதுக் கருத்து. உள்ளே இருக்கும் கணக்குகள் அதைவிட மூத்தவை. பழைய ஏடுகளிலிருந்து படியெடுத்து, புதுக்கி, மறுபடி படியெடுத்து வந்தவை. எழுதியவர் ஒருவர் அல்லர். கோட்டின் கனம், முகங்களின் வளைவு இவற்றை வைத்து ஆறு கை என்றும் எட்டுக் கை என்றும் பிரித்திருக்கிறார்கள். அவர்களை ஓவியர் என்பதா, எழுத்தர் என்பதா, கணியர் என்பதா? ஒரே தூரிகைதான் மூன்று வேலையையும் செய்திருக்கிறது. ஒரு புள்ளி வைத்தால் அது எண். அதே மையில் ஒரு கண் வரைந்தால் தெய்வம்.

*

வெள்ளி அட்டவணை. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஐந்து பக்கங்கள் அடுத்தடுத்து. ஒவ்வொன்றின் அடியிலும் நான்கு எண்கள். மாயா எண்முறையில் புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சோழி போன்ற ஒரு சிப்பி பூச்சியம். இருபது இருபதாக ஏறும் கணக்கு. பெரிய இடம் மேலே, சிறிய இடம் கீழே. முதல் எண்ணில் மேலே 11, கீழே 16. பதினோரு இருபதும் பதினாறும் சேர்ந்து 236. அடுத்தது 90. அடுத்தது 250. கடைசி எண்ணில் மேலே சிப்பி, கீழே ஒரு கோடும் மூன்று புள்ளியும். எட்டு.

236 நாள் விடிவெள்ளி. 90 நாள் காணாது. 250 நாள் அந்தி வெள்ளி. 8 நாள் காணாது. கூட்டினால் 584. வெள்ளி ஒரு சுற்று சுற்றி மறுபடி விடியலில் தலைகாட்ட இன்றைய கணக்கில் சராசரி 583.92 நாள். ஐந்து சுற்று சேர்ந்தால் 2,920 நாள். 365 நாள் ஆண்டுகள் எட்டுக்கு அது சரியாகப் பொருந்தும். அதனால்தான் ஐந்து பக்கம்.

அட்டவணை அதோடு முடியவில்லை. பக்கத்தின் மேற்பாதியில் நாட்பெயர்கள் 13 வரிசையாக நிற்கின்றன. முதல் வரிசையை ஐந்து பக்கமும் குறுக்கே படித்துக்கொண்டு போக வேண்டும். ஐந்தாம் பக்கம் முடிந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பி இரண்டாம் வரிசை. இப்படிப் பதின்மூன்று முறை போய்வந்தால் 65 வெள்ளிச் சுற்று, 104 ஆண்டு. தைத்த புத்தகமாக இருந்தால் வரிக்கு வரி தாளைப் புரட்ட வேண்டியிருக்கும். கண் வரிசையைத் தொலைத்துவிடும். விசிறி மடிப்பில் ஐந்து பக்கத்தையும் விரித்துப் போட்டுவிட்டு விரலால் ஓட்டலாம். இந்த அட்டவணையைப் போட்டவர் மடிப்பை மனத்தில் வைத்துத்தான் போட்டிருக்கிறார். ஏட்டின் உடம்பே கணக்கின் ஒரு பகுதி.

இன்னொன்று. 8 நாள் மறைவு வானத்தில் காண்பதோடு ஒத்துப்போகிறது. மற்ற மூன்றும் ஒத்துப்போகவில்லை. காலையிலும் மாலையிலும் வெள்ளி ஏறத்தாழ 263 நாள் தெரியும். இடையில் நீண்ட மறைவு சுமார் 50 நாள்தான். நாள்தோறும் வானத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. நிலவின் மாதங்களோடு இசைய வைப்பதற்காக இப்படி வகுத்தார்கள் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மொத்தத்தில் துல்லியம், உட்பிரிவில் சடங்கின் விருப்பம். விஞ்ஞானம் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று இந்த நான்கு எண்களுக்கு நடுவே கோடு போட எனக்குத் தெரியவில்லை. போட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

*

ஏட்டை வைத்திருக்கும் ட்ரெஸ்டன் நூலகம் அதை முழுதாக ஸ்கேன் செய்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி விட்டிருக்கிறது. எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போட்டேன். மெஷினிலிருந்து ஒவ்வொன்றாக வந்து விழுந்த தாளைக் கடைத் தம்பி எடுத்துப் பார்த்தார். புள்ளியும் கோடும் கட்டம் கட்டமாகப் படமும்.

"என்ன சார் இது, ஜாதகமா?"

"பஞ்சாங்கம் மாதிரி, தம்பி."

"எந்த ஊருது?"

"மெக்சிகோ பக்கம்."

"ராகு காலம்லாம் போட்டிருக்கா?"

சிரித்தேன். ஆனால் அவர் கேட்டது ஏறக்குறைய சரி. எந்த வெள்ளி உதயத்தில் யாருக்குக் கேடு என்று அந்த ஐந்து பக்கங்களும் சொல்கின்றன. பக்கத்துக்கு மூன்று படம். மேலே ஒரு தெய்வம் வீற்றிருக்கும். நடுவில் வெள்ளித் தெய்வம் ஈட்டியை ஓங்கி நிற்கும். கீழே ஈட்டி பாய்ந்து சரிந்து கிடப்பவர். ஈட்டி எறிபவர் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறார், விழுபவரும் மாறுகிறார். எண்ணைப் படிக்கத் தெரியாதவனும் அன்றைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டான்.

தாள்களை மைதாப் பசையில் ஓரம் சேர்த்து ஒட்டி மடித்தபோது ஒன்று விளங்கியது. மடிப்பு ஒவ்வொன்றிலும் நூலளவு பிசகினாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. போகப் போகத் தெரிகிறது. கட்டு ஒரு பக்கமாகச் சாய்கிறது, ஓரங்கள் சேர மறுக்கின்றன. 584க்கும் 583.92க்கும் உள்ள வித்தியாசமும் இந்த ரகம்தான். ஒரு சுற்றில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 65 சுற்றில் ஐந்து நாளாகிவிடும். வெள்ளிக்கு முன்னுரையாக வரும் 24ஆம் பக்கத்தில் இதைச் சரிக்கட்டும் எண்கள் இருக்கின்றன. எங்கே நாளைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது என்று அவர்கள் வைத்திருந்தார்கள். நான் கத்தரிக்கோல் எடுத்தேன்.

*

அடுத்த எட்டுப் பக்கம் கிரகணம். 405 நிலவு மாதங்கள், 11,960 நாள். இன்றைய கணக்கில் 405 நிலவு மாதம் என்பது 11,959.89. இடையிடையே 177, 148 என்று நாள் இடைவெளிகள். எந்த அமாவாசைகளில் கிரகணம் நேரக்கூடும் என்ற எச்சரிக்கை. நேரும் என்று அல்ல, நேரக்கூடும் என்று. ஓரிடத்தில் சூரியக் குறி தொங்குகிறது, கீழிருந்து ஒரு பாம்பு வாயைப் பிளந்துகொண்டு அதை எட்டுகிறது.

நம் பாட்டிமார் சொன்ன பாம்பு. பார்த்ததும் மனம் துள்ளத்தான் செய்யும். மாயா என்பதும் நம் மயன் என்பதும் ஒன்றே என்று நம் ஊரில் ஒரு பேச்சு வெகுகாலமாக உலவுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சூரியனை எதுவோ கடித்துத் தின்பதுபோல் தெரிவதால் உலகின் பல மூலைகளில் பலர் பல பிராணிகளை வானத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

உறவு இல்லாவிட்டாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கது ஒன்று உண்டு. 1825இல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற படை அதிகாரி, தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் நான்கு நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது. அவர் கையில் ஏடு இல்லை. அட்டவணை முழுவதும் சொற்களாக மாறி நாக்கில் இருந்தது. அங்கே மடித்து வைத்தார்கள், இங்கே உருப்போட்டு வைத்தார்கள்.

*

2010இல் குவாத்தமாலாவின் ஷுல்தூன் இடிபாடுகளில், கொள்ளையர் தோண்டிய குழி ஒன்றின் ஓரத்தில் வண்ணத் தடம் தெரிந்தது. வில்லியம் சாட்டர்னோவின் குழு உள்ளே போனபோது ஒரு சின்ன அறை. நான்கு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். சுவர்களில் ஓவியம். ஓவியங்களுக்கு நடுவே, ஓரங்களில், கிடைத்த இடங்களில் எல்லாம் பொடியாக எண்கள். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை, அதாவது ட்ரெஸ்டன் ஏட்டுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. எழுத இடம் போதாதபோது மேலே மெலிசாகச் சுண்ணாம்பு தடவி மறுபடி எழுதியிருக்கிறார்கள்.

ஒரு சுவரில் நிலவுக் கணக்கு. ஆறு ஆறு மாதமாக ஏறிக்கொண்டே போய் 4,784 நாளில் நிற்கிறது. அது 162 நிலவு மாதம். அதை இரண்டரை மடங்கு ஆக்கினால் 11,960 வரும். ஏட்டின் கிரகணக் கணக்கு அதே. அந்த அறையில் யாரோ போட்ட கணக்கின் வழித்தோன்றல் நூற்றாண்டுகள் கழித்து ஒரு தாளில் ஏறி, கப்பல் ஏறி, ஜெர்மனி போயிருக்கிறது. தூரிகையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரின் பெயர் கேட்டால் கிடைக்காது. ஆனால் அவர் எண்ணில் அவசரம் இருக்கிறது, பக்கத்து ஓவியத்தில் அவசரம் இல்லை.

*

ஏடு ட்ரெஸ்டனுக்கு வந்தது 1739இல். அரசு நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜோஹான் கிறிஸ்டியான் கோட்ஸே வியன்னாவில் அதை வாங்கிவந்தார். இன்னதென்று யாருக்கும் விளங்காத பொருள் என்பதால் எளிதாகக் கிடைத்தது. 1810இல் ஜெர்மன் அறிஞர் ஹும்போல்ட் தம் பெரிய புத்தகத்தில் ஐந்து பக்கங்களை மட்டும் அச்சிட்டார்.

முழு ஏட்டையும் முதலில் படியெடுத்தவர் ஒரு ஓவியர். அகொஸ்தீனோ ஆலியோ, இத்தாலியின் கிரெமோனாக்காரர், லண்டனில் பிழைத்தவர். கிங்ஸ்பரோ பிரபு என்ற ஐரிஷ் கனவான் மெக்சிகோ ஏடுகள் மீது பித்துக்கொண்டு, ஐரோப்பிய நூலகங்களில் உள்ளவற்றை எல்லாம் வரைந்து வரும்படி அவரை அனுப்பினார். 1825, 26 வாக்கில் ஆலியோ ட்ரெஸ்டனில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் வரைந்தார். புதுச்சேரியில் சோழி உருண்ட அதே சமயம். 1831இல் அவை அச்சாகின. கிங்ஸ்பரோ அச்சுச் செலவில் கடன்பட்டு, டப்ளின் கடனாளிச் சிறையில் காய்ச்சல் கண்டு 1837இல் இறந்தார்.

ஆலியோவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அன்றைக்கு யாருக்குமே தெரியாது. புள்ளி எண் என்பதே தெரியாது. மூன்று புள்ளி இருந்தால் மூன்று போட்டார், நான்கு இருந்தால் நான்கு. வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே திருப்பினார். தெரியாதது அவருக்கு உதவியது என்றே நினைக்கிறேன்.

அதே காலத்தில் ழான் பிரெதெரிக் வால்தெக் என்ற இன்னொரு ஓவியர் பலெங்கே இடிபாடுகளில் தங்கி வரைந்தார். கெட்டிக்காரக் கை. ஆனால் மாயாக்கள் பழைய உலகத்திலிருந்து வந்தவர்கள் என்று அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. ஆகவே சிதைந்த கல்வெட்டுகளில் அவருக்கு யானைத் தலை தெரிந்தது. தெளிவாக, தும்பிக்கையோடு வரைந்தும் வைத்தார். அங்கே யானை கிடையாது.

*

இதற்குப் பிறகு வந்தவர்களில் தாத்தியானா ப்ரஸ்குரியாகோவைத்தான் எனக்கு மிகப் பிடிக்கும். சைபீரியாவின் தோம்ஸ்கில் 1909இல் பிறந்தவர், அமெரிக்காவில் கட்டடக் கலை படித்தவர். 1930இல் படிப்பு முடிந்தபோது பொருளாதார வீழ்ச்சி. கட்டடம் கட்டுவார் இல்லை. இடிந்த கட்டடங்களை வரையும் வேலைக்குப் போனார். பியத்ராஸ் நெக்ராஸ் என்ற மாயா நகரத்தில் மேடு மேடாகக் கிடந்த கற்குவியலை அளந்து, முன்பு எப்படி நின்றிருக்கும் என்று வரைந்தார். 1946இல் வந்த அவருடைய மாயாக் கட்டடக்கலைத் தொகுப்பில் நிழலின் கனம் உட்பட எல்லாம் அளவோடு இருக்கும்.

கற்பலகைகளை வருடக் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு ஒழுங்கு தட்டுப்பட்டது. பலகைகள் கூட்டம் கூட்டமாக நின்றன. ஒவ்வொரு கூட்டத்திலும் மாடத்தில் அமர்ந்த ஓர் உருவத்தோடு ஒரு பலகை. ஒரு கூட்டத்தின் தேதிகள் எல்லாம் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கின. இவை அரசர்களின் பிறப்பும் பட்டமேற்பும் என்று 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். மாயாக் கல்வெட்டுகளில் காலமும் தெய்வமும்தான் உண்டு, மனிதர் கதை இல்லை என்று அதுவரை எரிக் தாம்சன் போன்ற பெரியவர்கள் அடித்துச் சொல்லிவந்தார்கள். தாம்சன் பின்னால் ஒப்புக்கொண்டார். ப்ரஸ்குரியாகோவ் ஒரு எழுத்தையும் ஒலித்துப் படிக்கவில்லை. பார்த்தார், வரிசைப்படுத்தினார். அவருடைய அஸ்தி 1998இல் பியத்ராஸ் நெக்ராஸிலேயே புதைக்கப்பட்டது.

கேமரா வந்த பிறகும் இந்த வேலை ஒழியவில்லை. குவாத்தமாலாவில் 2001இல் வெளிப்பட்ட சான் பர்தோலோ சுவரோவியங்களை ஹெதர் ஹர்ஸ்ட் கையால் வரைந்து பதிவுசெய்தார். கேமரா எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு எடுத்துவிடும்: தூரிகைக் கோடு, வேர் ஓடிய கோடு, விரிசல் கோடு. வரைகிறவர் ஒவ்வொரு கோட்டிலும் நின்று, இது மனிதன் போட்டதா என்று கேட்டாக வேண்டும். விடை தெரியாத இடத்தைத் தெரியாததாகவே விடவும் வேண்டும். தொல்லியலில் ஓவியம் என்பது அலங்காரம் இல்லை என்று நான் எண்ணுவது இதனால்தான். அது ஒரு சோதனை முறை.

*

நான்காவது ஏட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1971இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தபோது போலி என்று ஒதுக்கப்பட்டது. தாளின் ஒரு புறம்தான் வண்ணம், கோடு முரடு, ட்ரெஸ்டன் ஏட்டின் நயம் இல்லை. நெடுங்காலம் இழுபறி. கடைசியில் மெக்சிகோவின் தேசியத் தொல்லியல் நிறுவனம் தாளையும் நிறத்தையும் சோதித்து, 2018இல் அது உண்மையான ஏடு என்று அறிவித்தது. காலம் 1021க்கும் 1154க்கும் இடையில். அமெரிக்கக் கண்டங்களில் பிரித்துப் படிக்கத்தக்கதாக எஞ்சிய ஏடுகளில் அதுவே மூத்தது. அதிலும் வெள்ளிக் கணக்குதான். அழகு போதாது என்பதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டவர்கள், எல்லாக் காலத்திலும் சுமாரான ஓவியர்கள் இருந்திருப்பார்கள் என்பதை மறந்துவிட்டார்கள்.

இன்றைய ஓவியர்கள் சிலர் இந்த மடிப்புக்குத் திரும்பியிருக்கிறார்கள். மெக்சிகோவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் என்ரிக்கே சகோயா, பட்டைத்தாளில் மடிப்பேடுகள் செய்கிறார்; பழைய ஏடுகளின் தெய்வங்களுக்கு நடுவே சூப்பர்மேன் வந்து நிற்பார். கிண்டலும் கோபமும் கலந்த வேலை. பார்க்கப் பார்க்கச் சுவைதான். ஆனால் இப்படி ஒரு வானக் கணக்கை நான் அவற்றில் காணவில்லை. கணக்கும் சேர்ந்து வந்தால்தான் மடிப்புக்கு முழு வேலை கிடைக்கும் என்று எனக்குப் படுகிறது.

*

ட்ரெஸ்டனில் ஏடு பட்ட பாடு.

1836இல் நூலகர் பால்கென்ஸ்டைன் அதைக் கண்ணாடிகளுக்கு இடையே வைத்தார். பார்வைக்கு அழகாக இருக்கும் என்று ஏறக்குறைய சம நீளமுள்ள இரண்டு துண்டுகளாக அமைத்தார். அந்தக் கணமே மடிப்பு நின்றுபோனது. 1880களில் தலைமை நூலகர் எர்ன்ஸ்ட் பர்ஸ்டெமன் உட்கார்ந்து எண்முறையையும் நாட்காட்டியையும் வெள்ளிக் கணக்கையும் விடுவித்தார். எழுத்து படிக்கத் தெரியாமல், எண்ணை மட்டுமே பிடித்துக்கொண்டு. நிழற்பட முறையில் ஏட்டை அச்சிட்டவரும் அவரே.

1945 பிப்ரவரியில் ட்ரெஸ்டன் மேல் குண்டு பொழிந்தது. நிலவறையில் இருந்த ஏட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பல பக்கங்களில் நிறம் கரைந்தது. சுண்ணாம்பு சில இடங்களில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. காயவைத்துத் திரும்ப வைக்கும்போது மூன்று தாள்கள் முன்பின்னாக மாறிவிட்டன. இன்று கரைந்துபோன இடங்களில் என்ன இருந்தது என்று அறிய, ஆய்வாளர்கள் ஆலியோவின் வரைபடத்தையும் பர்ஸ்டெமனின் அச்சையும் எடுத்துப் பார்க்கிறார்கள். எழுத்துத் தெரியாத ஓவியர் எண்ணிப் போட்ட புள்ளி இப்போது சான்று.

*

ஆலியோ ஏட்டுக்கு ஒரு தொந்தரவையும் விட்டுப்போனார். அவர் போட்ட பக்க எண்கள், பர்ஸ்டெமனின் சிறு திருத்தத்தோடு, இன்றுவரை புழங்குகின்றன. ஆனால் ஏட்டை மாயாக்கள் படித்த ஒழுங்கு அதுவல்ல. முன்புறம் 1 முதல் 24, அதிலிருந்து நேரே 46. முன்புறம் முடிந்ததும் திருப்பிப் போட்டு, 74 வரை போய், அதற்குப் பிறகுதான் 25. எண்ணின்படி புரட்டினால் 74ஆம் பக்கம் ஏட்டின் கடைசிப் பக்கம். மடிப்பின்படி போனால் அது நடுவில் வருகிறது.

அந்த 74 ஒரு பிரளயம். பக்கத்தின் மேற்புறம் முழுதும் வானமே ஒரு முதலையாக நீண்டு, வாயிலிருந்து தண்ணீரைக் கொட்டுகிறது. அதன் வயிற்றில் தொங்கும் கிரகணக் குறிகளிலிருந்தும் தண்ணீர். நடுவில் கிழவித் தெய்வம் குடத்தைக் கவிழ்க்கிறாள். கீழே கறுப்பு உடம்போடு ஒரு தெய்வம் ஈட்டிகளைப் பிடித்துக் குந்தியிருக்கிறது. உலகம் முடியும் படம் என்று இதைச் சொல்வதுண்டு; மாயா நாட்காட்டியின்படி உலகம் முடியும் என்று கிளம்பிய பீதிக்கும் இது தீனியானது.

மடிப்பின் ஒழுங்கில் 74க்கு அடுத்து வருவது நான்கு வெற்றுப் பக்கம். சுண்ணாம்பு பூசியிருக்கிறது, ஒன்றும் எழுதவில்லை. அவற்றைத் தாண்டினால் 25. அங்கே புத்தாண்டுச் சடங்கு தொடங்குகிறது. 28 வரை நான்கு பக்கம், நான்கு வகை ஆண்டுக்கு ஒவ்வொன்று. மேலே ஒப்போசம் என்ற விலங்கின் முகம் கொண்ட ஆட்கள் கையில் கோலோடு, முதுகில் தெய்வத்தைச் சுமந்து நடந்து வருகிறார்கள். கீழே பலி, வான்கோழியின் தலை போகிறது. பழைய ஆண்டை அனுப்பிப் புதியதை அழைக்கும் வேலை.

வெள்ளம், வெறுமை நான்கு பக்கம், புத்தாண்டு நான்கு பக்கம். இதைக் கண்டதும் சொல்ல எத்தனையோ வந்து முட்டுகிறது. ஆனால் அந்த நான்கு பக்கங்கள் பின்னால் எழுத விட்ட இடமாக இருக்கலாம். எழுதியவர்களின் வேலை பாதியில் நின்றிருக்கலாம். வால்தெக்கின் யானை நினைவுக்கு வந்தது. வெற்றுப் பக்கத்தை வெற்றுப் பக்கம் என்றே குறித்துக்கொண்டேன்.

*

பிரிண்ட் எடுத்து ஒட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: முன்புறம் 1 முதல் 24, தொடர்ந்து 46 முதல் 60. பின்புறம் 61 முதல் 74, நான்கு வெற்றுப் பக்கம், பிறகு 25 முதல் 45. ஸ்கேனில் 6, 7, 8 பக்கங்கள் இடம் மாறியிருந்தால் 1945ஐ நினைத்துக்கொண்டு திருத்திக்கொள்ளுங்கள். தாள் மிச்சம் என்று அந்த நான்கு வெற்றுப் பக்கங்களை விட்டுவிட வேண்டாம். விட்டால் 1இன் முதுகில் 45 வராது.